செக்கும் கண்டித் தோட்டமும்

எண்ணெய் ஆட்டும் செக்குக்குச் சிங்களத்தில் 'செக்குவ' என்று பெயர். கண்டிய மக்களின் அடுக்களைக்கும் விளக்குக்கும் மருந்துக்கும் எண்ணெய் தந்த கருவி தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நான் இங்கு எழுத முனைவது சொல்லின் வரலாறு அன்று. அச்செக்குக்கு வித்தும் காயும் தந்த மண்ணின் வரலாறு.

1660 இல் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தவர் ரொபர்ட் நொக்ஸ். தப்பிச் சென்றபின் 1681 இல் வெளியிட்ட நூலில் அவர் எள்ளைக் குறிப்பிடுகிறார். மக்கள் அதன் எண்ணெயை உடலில் பூசினர். எள்ளை வறுத்துக் கருப்பட்டியோடு உண்டனர் என்கிறார். எள் சேனையில் விளைந்தது. சிங்களவர் 'மீ' என்னும் இலுப்பையின் வித்து விளக்குக்கும் மருந்துக்கும் எண்ணெய் தந்தது. தென்னை வீட்டுத்தோட்டத்திலேயே நின்றது. இன்றும் கண்டிப் பெரஹராவின் தீப்பந்தங்களில் எரிவது கொப்பறாதான்.

கண்டிய வீட்டுத்தோட்டம் சிறு காடு போன்றது. மேலே தென்னை, கித்துள், பலா. நடுவே கமுகு, கராம்பு, சாதிக்காய், மரத்தைப் பற்றி ஏறும் மிளகு. கீழே கோப்பி, வாழை, இஞ்சி. பெருமழை இலைகளில் தடைபட்டே மண்ணை அடையும். வேர்கள் சரிவைப் பிடித்து நிற்கும். எண்ணெய் போக மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு, சிரட்டை அடுப்புக்கு, மாட்டெரு மீண்டும் மரத்தடிக்கு. வீணாவது எதுவுமில்லை. செக்கை இழுத்ததும் மாடே.

மத்தியதரைக் கடல் நாடுகளில் கல்வரம்பு கட்டிய மலைச்சரிவுகளில் நிற்கும் பழைய ஒலிவ் மரங்களும் இப்பணியையே செய்கின்றன. அதே ஒலிவ் நெருக்கமாக நடப்பட்டு, நீர் பாய்ச்சப்படும் பெருந்தோட்டமாகும்போது நிலத்தடி நீர் குன்றுகிறது. ஆகவே நன்மை மரத்தின் பெயரில் இல்லை; அது வளர்க்கப்படும் முறையில் இருக்கிறது.

1815 இல் கண்டி வீழ்ந்தது. 1840 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை என அனுமானித்தது. மரங்கள் நின்ற வீட்டுத்தோட்டங்கள் தப்பின. அவற்றுக்கு மேலிருந்த காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை வந்தது. வெறுமையான சரிவுகளிலிருந்து அரித்துச் செல்லப்பட்ட மண் மகாவலியில் சேர்ந்தது. கண்டிக்கு அருகே 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணையில் வண்டல் நிறைந்ததற்கு மேல்நிலங்களின் இம்மண்ணரிப்பும் காரணமாகும்.

அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட நம்மவருக்கு லயன் அறைகள் கிடைத்தன, காணி கிடைக்கவில்லை. பக்கத்துக் கிராமத்தவருக்குத் தோட்டம் தந்த எண்ணெயை இவர்கள் கடையில் விலைகொடுத்தே வாங்கினர். சுற்றாடலுக்கு உகந்த வாழ்வைப் பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

1968 இல் காலி மாவட்டத்து நாக்கியாதெனியவில் எண்ணெய்ப்பனை வணிகப்பயிராக நடப்பட்டது. மண்ணரிப்பையும் ஊற்றுகள் வற்றுவதையும் காரணங்காட்டி, 2021 ஏப்ரலில் அரசு பாம் எண்ணெய் இறக்குமதியையும் புதிதாக எண்ணெய்ப்பனை நடுவதையும் தடைசெய்தது. தடை உத்தரவு ஒரே நாளில் வரும். தென்னை காய்க்க ஆண்டுகள் செல்லும். 2025 இன் தொடக்கத்தில் தேங்காய்த் தட்டுப்பாட்டால் ஒரு காயின் விலை 200 ரூபாயைத் தாண்டியதை நாம் கண்டோம்.

அண்மைக்காலத் தனிவீட்டுத் திட்டத்தில் மலையகக் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏழு பேர்ச் காணி. ஏறத்தாழ 1,900 சதுர அடி. தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி வேண்டும். வீடு போக, தென்னை வளரும் தாழ்ந்த மலைகளில்கூட இரண்டு மரங்களுக்கே இடமுண்டு. அவை ஆண்டுக்கு நூறு காய் தரலாம். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எட்டு முதல் பத்துக் காய் வேண்டும். கறிக்கு ஒன்றும் எடுக்காமல் ஆட்டினாலும் பத்துப் பன்னிரண்டு லீற்றர்தான். உள்ளூர் எண்ணெயின் சிறப்பைப் போற்றுவோர், முதலில் மரம் நடுவதற்கு நிலம் எங்கே என்று கேட்கட்டும்.