கையளவு ரோமாபுரி

ரோமாபுரியின் பழைய தூண்களையும் வளைவுகளையும் மேஜை மேல் வைக்கிற அளவுக்குச் சின்னதாய்ச் செதுக்கின பளிங்கு உருவங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அலங்காரச் சாமான்தானே என்று தள்ளிவிடாதீர்கள் நண்பர்களே, அதற்குள்ளே ஒரு சரித்திரம் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிகிற தறுவாயில் இத்தாலிக்குப் போவார்கள். மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் சுற்றுவார்கள். ஊர் திரும்பும்போது வெறுங்கையோடு போக முடியுமா? அவர்களை நம்பியே ரோமில் இந்தப் பட்டறைகள் செழித்தன.

அவர்கள் விரும்பி வாங்கினது முழுக் கோயிலை அல்ல, இடிந்த கோயிலை! ரோமானிய மன்றத்தில் காஸ்டர்–போலக்ஸ் கோயிலுக்கு மிஞ்சியது மூன்றே தூண்கள். வெஸ்பாசியன் கோயிலுக்கும் மூன்றுதான். அந்த மூன்றையும் உடைந்த விளிம்போடு அப்படியே செதுக்கினார்கள். வெஸ்பாசியன் கோயிலை அந்நாளில் இடி முழக்கும் ஜூபிடரின் கோயில் என்று நம்பியிருந்தார்கள். பிற்பாடு ஆராய்ச்சி அதைத் திருத்திவிட்டது. ஆனால் பழைய உருவங்கள் சிலவற்றின் பீடத்தில் ஜூபிடர் பெயரே இன்னும் நிற்கிறது. கல்லில் வெட்டினதை யார் திருத்துவது?

இனிதான் முக்கியமான விஷயம். இவற்றில் பலவற்றுக்குப் பயன்பட்டது 'ஜாலோ அந்திகோ' என்கிற மஞ்சள் பளிங்கும், 'ரோசோ அந்திகோ' என்கிற சிவப்புப் பளிங்கும். மஞ்சள் கல் இன்றைய துனீசியாவிலுள்ள செம்தூவிலிருந்தும், சிவப்பு கிரேக்க நாட்டின் தென்கோடியிலிருந்தும் பேரரசு காலத்தில் கப்பலில் வந்தவை. அந்தச் சுரங்கங்கள் பல நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்டுக் கிடந்தன. அப்புறம் பட்டறைக்காரருக்குக் கல் ஏது? இடிபாடுகளில் கிடைத்த துண்டுகள்தான். ஆக, ரோமின் நினைவாக வாங்கிப் போனது ரோமின் சதையையே. எந்த மண்டபத் தரை, எந்தச் சுவர் என்கிற விவரம் பெரும்பாலும் அத்தோடு போயிற்று. அழகுக்கு அது அதிக விலை என்பேன்.

எல்லாரும் அப்படி இல்லை. ஃபாஸ்டினோ கோர்சி என்ற ரோமானிய வக்கீல் இத்தகைய அலங்காரக் கற்களில் 1000 மாதிரிகளைச் சேர்த்து, ஒரே அளவில் மெருகேற்றி, வகை பிரித்து எழுதியும் வைத்தார். அந்தத் தொகுப்பை வாங்கி 1827-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்கியவர் ஸ்டீஃபன் ஜாரெட். பிரபுவோ பேராசிரியரோ இல்லீங்க, அங்கே மாக்டலின் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர்! பழைய பளிங்கை இன்னதென்று அடையாளம் காண விரும்புகிறவர்கள் இன்றும் அந்தக் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.