விழிப்பு மணி

அன்றாட ஒலிகளைத் தியானத்துக்கான அழைப்பாகக் கொள்ளும் பௌத்தப் பயிற்சி. மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி மரபை அடிப்படையாகக் கொண்ட இதை, வியட்நாமிய ஜென் துறவி திக் நியாட் ஹான் (1926–2022) உலகெங்கும் பரப்பினார்.

மடத்தில்: தென்மேற்குப் பிரான்சில் 1982இல் தம் மாணவி சான் கோங்குடன் இணைந்து அவர் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தில், மணி ஒலித்ததும் பேச்சும் நடையும் வேலையும் நிற்கும். அனைவரும் மூன்று முறை மூச்சைக் கவனித்த பிறகே விட்டதைத் தொடர்வார்கள். கடிகார மணிக்கும் தொலைபேசி அழைப்புக்கும் இதே வழக்கம்.

இரைச்சலில்: மடத்துக்கு வெளியே வாகன ஹாரன், ரயில் ஓசை, பக்கத்து வீட்டு மிக்ஸி என எதுவும் மணியாகலாம். ஒலியை விலக்க முயல வேண்டாம். அது எழுவதையும் அடங்குவதையும் கேட்டு, உள்ளே கிளம்பும் எரிச்சலையும் கவனித்து, மூச்சுக்குத் திரும்ப வேண்டும். தனி இடமோ நேரமோ தேவையில்லை என்பதே இதன் பெரும் சிறப்பு.

வரம்பு: பயிற்சி செவியைக் காக்காது. நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் இருப்பது கேட்கும் திறனைக் கெடுக்கும். அத்தகைய பணியிடங்களில் காதுக் கவசம் அவசியம். இரைச்சலைக் குறைப்பது அதனினும் முக்கியம்.