ஆயுதமும் தற்காப்பும், தமிழ்க் கிறித்தவத்தில்

உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் கிறித்தவர் ஆயுதம் எடுக்கலாமா, வீட்டில் வைத்திருக்கலாமா என்ற கேள்வி திருச்சபையின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. கொள்ளிடம் ஆற்றுக்கு வடக்கேயுள்ள அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் அது சற்று வேறு வடிவில் எழுந்தது. சிறுபான்மையாக வாழ்ந்த விசுவாசிகள் யாருடைய வாளின் நிழலில் ஒதுங்குவது என்பதையே இங்கே முதலில் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வட்டாரத்துத் திருத்தலமான ஏலாக்குறிச்சியின் மாதாவுக்கு வழங்கும் ‘அடைக்கல மாதா’ என்ற பெயரிலேயே அந்த நிலைமை பதிந்திருக்கிறது.

மறைநூலும் மரபும்

இரு தரப்பு வாதங்களும் ஒரே இரவை மேற்கோள் காட்டுகின்றன. லூக்கா நற்செய்தியின்படி, இயேசு பிடிபடும் முன் சீடர்களிடம் வாள் வாங்கச் சொல்கிறார். தங்களிடம் இரண்டு வாள்கள் இருப்பதாக அவர்கள் காட்டுகிறார்கள். சிறிது நேரத்தில் கெத்சமனித் தோட்டத்தில் இராயப்பர் (பேதுரு) வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளனுடைய காதை வெட்டுகிறார். இயேசு வாளை உறையில் போடச் சொல்லிக் காதைக் குணமாக்குகிறார்.

மூன்றாம் நூற்றாண்டின் தெர்த்துல்லியனுக்கு, இராயப்பரின் வாள் உறைக்குத் திரும்பியதே எல்லாப் படைவீரர்களுக்குமான கட்டளை. அகுஸ்தினார் நாட்டுக்காகப் போரிடுவதை ஏற்றார். தனி மனிதர் தம் உயிரைக் காக்கக் கொல்வதை ஏற்கத் தயங்கினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறு அளவுகோல் தந்தார்: தாக்கப்பட்டவரின் நோக்கம் உயிர் காப்பதாக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிய பலம் கூடாது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதையே பின்பற்றுகிறது. பிறரைக் காக்கும் பொறுப்புள்ளவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகலாம் என்கிறது. இதற்கு எதிர்முனையில், 1527இல் சுவிட்சர்லாந்தின் அனபாப்டிஸ்டுகள் வாளை முற்றிலும் மறுத்து அறிக்கை வெளியிட்டனர். மென்னோனியரும் குவேக்கரும் அந்த வழியில் நிற்பவர்கள்.

தமிழகத்தில் தொடக்கம்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றதில் போர்த்துக்கீசியரின் படைப் பாதுகாப்புக்குப் பெரும் பங்குண்டு. அந்தப் பாதுகாப்பு எப்போதும் கைகொடுக்கவில்லை. 1549இல் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் வடுகர் படை தாக்கியபோது, கரையில் நின்று மக்களைப் படகேற்றிய இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி எதிர்க்காமல் முழந்தாளிட்டுக் கொல்லப்பட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோவும் எதிர்ப்புக் காட்டவில்லை.

18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் இரு நிலைப்பாடுகளும் ஒரே நட்பில் சந்தித்தன. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி அளித்து உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்குக் கிறித்தவத்தை அறிமுகம் செய்தவரும் அவரே. நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

ஏலாக்குறிச்சியும் பாளையக்காரரும்

1701இல் தஞ்சை மராட்டிய மன்னர் சகஜியின் ஆட்சியில் கிறித்தவர்கள் கடும் துன்பத்துக்கு ஆளாயினர். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர் மழவராயரின் பாளையம். அங்கே தஞ்சையின் அதிகாரம் செல்லாது. தப்பி வந்தவர்கள் ஒதுங்கிய இடமாகவே திருத்தல மரபு ஏலாக்குறிச்சியைச் சொல்கிறது. அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அதன்மேல் கலம்பகம் பாடியவர் இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர். அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையை அவர் குணப்படுத்தியதாகவும், நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டதாகவும் மரபு கூறும். கிறித்தவர்கள் படை திரட்டவில்லை. பாளையக்காரரின் நட்பே அவர்களுக்கு அரணாயிற்று.

வீரமாமுனிவரின் எழுத்தில் இரு குரல்களும் உண்டு. அவருடைய தேம்பாவணியில் தாவீது கோலியாத்தை வீழ்த்தும் போர் காப்பியச் சுவையோடு வருகிறது. ஆனால் காப்பியத் தலைவரான வளன் (சூசையப்பர்), ஏரோதின் வாளுக்கு எதிராக வாள் எடுப்பதில்லை. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறார். 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறோ, வீரமாமுனிவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்ததாகவும் குதிரைவீரர் புடைசூழச் சென்றதாகவும் சொல்லும். ஆய்வாளர் பலர் இதை ஐயுறுகின்றனர்.

இரவல் அரணுக்கும் ஆயுள் உண்டு. 1751இல் பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிப் பகுதி பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் மோதிய களமானது. 1765இல் ஆர்க்காட்டு நவாப் அரியலூர், உடையார்பாளையம் இரண்டையும் கைப்பற்றினார்.

இக்காலத்தில் திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் பணியாற்றிய லூத்தரன் குரு சுவார்ட்ஸ், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினருக்கும் ஆன்மிக வழிகாட்டியாக இருந்தவர். 1779இல் கம்பெனியின் தூதராக ஹைதர் அலியைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு போர் மூண்டபோது, அந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் விடும்படி ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டார். ஆயுதமின்மையே அவருக்கு வழிச்சீட்டானது.

சட்டமும் சமயமும்

1801 டிசம்பரில் கம்பெனி அரசு தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரில் பெரும்பாலோரை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. தற்போதைய 1959ஆம் ஆண்டுச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடமளிக்கிறது. வீட்டு, வேளாண் பயன்பாட்டுக்கென்றே செய்த பொருள்களையும் தடி, கைத்தடியையும் ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய உரிமத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை வரம்பு 2019இல் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுக்கின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது. அரசின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் இந்த உரிமை கிடையாது. முதல் நிபந்தனை அக்குவினாஸின் அளவுகோலோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது, பாளையக்காரர் நின்ற இடத்தில் காவல் நிலையத்தை நிறுத்துகிறது.

சட்டம் தரும் இந்த அளவான தற்காப்புக்கும் அப்பால் சென்றவர், தஞ்சாவூரில் பிறந்த கிறித்தவக் காந்தியர் ஜே. சி. குமரப்பா. இயேசுவின் போதனையும் காந்தியின் அகிம்சையும் ஒன்றே என வாதிட்ட அவர், பேரரசின் போருக்குத் துணைநின்ற திருச்சபைத் தலைவர்களையும் வெளிப்படையாகக் கண்டித்தார்.

வழிபாட்டில் ஆயுதம்

தமிழ்க் கத்தோலிக்க ஊர்களின் தேர்பவனியில் ஆயுதங்களுக்குக் குறைவில்லை. பல ஊர்களில் மாதாவின் பெரிய தேருக்கு முன்னால் மிக்கேல் சம்மனசு சாத்தானை மிதித்து வாளோங்கியபடி வருவார். சின்னப்பர் (பவுல்) கையிலும் வாள் உண்டு; அது அவருடைய தலையை வெட்டிய வாள். உரோமைப் படைவீரராயிருந்த செபஸ்தியாரின் உடலில் தைத்திருப்பவை அவரை நோக்கி எய்யப்பட்ட அம்புகள். மூவரில் ஆயுதத்தைப் பயன்படுத்துபவர் மிக்கேல் ஒருவரே. அவர் மனிதர் அல்லர்.