அன்றைய ராக் குழுக்களும் இன்றைய ராக் குழுக்களும்



2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவில் கிராமி இசை விருதுகள் வழங்கப்பெற்றன. ராக் இசைக்குரிய பரிசு ஒன்றுக்குப் பேர்ல் ஜாம், கிரீன் டே, ஐடில்ஸ் முதலிய குழுக்கள் போட்டியிட்டன. இவை இந்நாளிலும் மேடையேறிப் பாடி வருபவை. ஆனால் பரிசைப் பெற்றதோ, 1970-ஆம் ஆண்டிலேயே கலைந்துவிட்ட பீட்டில்ஸ் குழு. பரிசு பெற்ற 'நவ் அண்ட் தென்' என்னும் பாடலில் ஒலிக்கும் குரலுக்குரிய ஜான் லெனன் 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அதில் கித்தார் வாசித்துள்ள ஜார்ஜ் ஹாரிசன் 2001-இல் மறைந்தவர். 1970-களின் பிற்பகுதியில் லெனன் தம் வீட்டில் பியானோ முன் அமர்ந்து ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்த குரலைக் கணிப்பொறியின் துணையால் தனியே பிரித்தெடுத்து, எஞ்சியிருந்த இருவரும் பாடலை நிறைவு செய்து 2023-இல் வெளியிட்டனர். இருப்பவர்களோடு போட்டியிட்டு இறந்தவர்கள் வென்றுவிட்டார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் இக்காலத்து ராக் குழுக்கள் அக்காலத்துப் பெருங்குழுக்களுக்கு ஈடாகமாட்டாவோ? இவ்வினாவுக்கு விடை கூற நான் இசைவாணன் அல்லேன். வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இளமையில் கொழும்பு வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவன் என்பதற்கு மேல் எனக்கு உரிமை ஒன்றும் இல்லை. ஆயினும் ஒரு முறை துணிந்து தீர்ப்புக் கூறிவிட்டேன். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான்கு மாணவர்கள் கித்தாரும் டிரம்மும் கொண்டு தாமே இயற்றிய பாடல் ஒன்றைப் பாடினர். நிகழ்ச்சி நிரலில் நான் அவர்களுக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். முடிவுரையில், "பீட்டில்ஸ் எங்கே, இவர்கள் எங்கே!" என்று நகையாடினேன், அவையும் சிரித்தது. மறுநாள் அவர்களுள் ஒருவன் என் அறைக்கு வந்து, "ஐயா, பீட்டில்ஸ் குழுவினர் எத்தனை மணி நேரம் மேடையில் வாசித்த பிறகு அப்படி ஆனார்கள்?" என்று பணிவோடு கேட்டான். என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டபோது நான் கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம் நினைவு செய்யும் வஞ்சனை ஒன்றைப் பார்ப்போம். 1967-ஆம் ஆண்டு என்றால் ராக் இசையின் பொற்காலம் என்பர். அவ்வாண்டின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' ஆகிய இரு பாடல்களையும் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களில் வெளியிட்டனர். அவர்களுடைய மிகச் சிறந்த இசைத்தட்டு அதுவே என்பார் பலர். ஆனால் அஃது இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெறவில்லை. அதைத் தடுத்து ஆறு வாரம் முதலிடத்தில் வீற்றிருந்தது 'ரிலீஸ் மீ' என்னும் மெல்லிய காதற்பாட்டு. அதைப் பாடிய எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க், 1936-இல் நம் சென்னையிலே பிறந்து, சிறுவனாக இங்கிலாந்து சென்றவர் என்பதை இடையே சொல்லி வைக்கிறேன். நெட்டிசைத்தட்டுகளின் நிலையும் வேறன்று. 1965, 1966, 1968 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் மிகுதியாக விற்றது எந்த ராக் குழுவின் தட்டும் அன்று. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் திரைப்படத்தின் பாடல் தட்டே. அந்நாளில் வெளிவந்து மறைந்த பாடல்கள் ஆயிரமாயிரம். காலம் என்னும் முறம் அவற்றைப் புடைத்துப் பதரை நீக்கி மணியை மட்டும் நம் கையில் தந்திருக்கிறது. இன்றைய பாடல்களோ இன்னும் களத்து மேட்டில் பதரும் மணியுமாகக் கிடக்கின்றன. புடைத்த நெல்லையும் புடைக்காத நெல்லையும் அருகருகே வைத்துத் தரம் பார்ப்பது முறையாகுமா?

இது கிடக்க. புடைத்தெடுத்த மணிகளை மட்டுமே ஒப்பிட்டாலும் அன்றைய விளைச்சல் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. அஃது ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதே வரலாறு கற்பார் கேட்க வேண்டிய கேள்வி.

1956-இல் லானி டோனகன் என்பவர் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' என்ற பாடல் இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ஸ்கிஃபிள் எனப்பட்ட அவ்வகை இசைக்கு மலிவான கித்தார் ஒன்று, துணி துவைக்கும் பலகை ஒன்று, தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் பொருத்திய கருவி ஒன்று போதும். ஏழைச் சிறுவர்களும் குழு அமைக்கலாயினர். லிவர்ப்பூல் நகரில் லெனன் அமைத்த குழுவும் அத்தகையதே. 1957 ஜூலை 6-ஆம் நாள் ஒரு மாதா கோயில் திருவிழாவில் அக்குழு பாடியபோதுதான் பால் மக்கார்ட்னி அவரைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 16, மற்றவருக்கு 15. அக்காலத்தில் இங்கிலாந்தில் இளைஞர் யாவரும் இரண்டாண்டு கட்டாயப் படைப்பணி ஆற்ற வேண்டியிருந்தது. 1939 அக்டோபர் முதல் நாள் தொட்டுப் பிறந்தோர்க்கு அஃது இல்லையாயிற்று. லெனன் பிறந்தது 1940 அக்டோபரில்! ஓராண்டுக்குச் சற்று மேலாக முந்திப் பிறந்திருப்பின் கித்தார் ஏந்தும் வயதில் துப்பாக்கி ஏந்தியிருப்பார். அரசாணை ஒன்றின் தேதி இசை வரலாற்றில் எப்படிப் புகுந்துவிடுகிறது, பாருங்கள்.

இனி, அம்மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1960 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவினர் ஐவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகருக்குச் சென்றனர். மாலுமிகளும் கேளிக்கை தேடுவோரும் கூடும் தெருவில் இந்திரா என்னும் பெயருடைய சிறு விடுதி ஒன்றில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. வார நாட்களில் இரவுதோறும் நாலரை மணி நேரம், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தங்கியதோ ஒரு திரையரங்கின் பின்புறத்தில், கழிப்பறைக்கு அடுத்த இருட்டறையில். ஹாரிசனுக்கு அப்போது வயது 17. இரவு விடுதியில் வேலை செய்யும் வயது வரவில்லை என்று கூறி ஜெர்மானிய அதிகாரிகள் பின்னர் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினர். ஆயினும் 1962 டிசம்பருக்குள் ஐந்து முறை அவர்கள் ஹாம்பர்க் சென்று வந்தனர். அந்நகர மேடைகளில் அவர்கள் நின்ற நேரம் ஏறத்தாழ 1,100 மணி என்று அவர்தம் வரலாற்றை நுணுகி ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர்.

நாலரை மணி நேரத்துக்குப் பாடப் பாட்டு வேண்டாவா? தெரிந்த பத்துப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினால் குடித்திருக்கும் மாலுமி சும்மா இருப்பானா? ஆகவே நாடகப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, அமெரிக்க நீக்ரோ மக்களின் தாளப் பாட்டு என்று கிடைத்தவற்றையெல்லாம் கற்றனர். ஒரு பாட்டைப் பத்து நிமிடம் நீட்டவும், கலையும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தவும் பழகினர். ஊர் திரும்பிய பின் லிவர்ப்பூலில் கேவர்ன் என்ற நிலவறை அரங்கில் 1961 முதல் 1963 வரை 290 முறைக்கு மேல் வாசித்தனர். இவ்வளவுக்கும் நடுவே, 1962 புத்தாண்டு நாளில் இலண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தார் அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு, வேண்டா என்று தள்ளி, வேறொரு குழுவைத் தேர்ந்தனர். தீர்ப்பில் பிழை செய்தவன் நான் ஒருவன்தானா என்று எனக்கு ஒரு சிறு ஆறுதல்!

அந்தப் பயிற்சியின் பயன் 1963 பிப்ரவரி 11-ஆம் நாள் வெளிப்பட்டது. அவர்களது முதல் நெட்டிசைத்தட்டில் 14 பாடல்கள். அவற்றுள் நான்கு முன்பே பதிவானவை. எஞ்சிய பத்தையும் இலண்டன் ஆபி சாலையிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று காலை தொடங்கி இரவுக்குள் பதிந்து முடித்தனர். அங்கிருந்த நாடாக் கருவியில் இரண்டே தடங்கள். ஒருவர் பிசகினால் நால்வரும் மீண்டும் தொடங்க வேண்டும். லெனனுக்கோ அன்று சளி. தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடலை இறுதிக்கு வைத்திருந்தனர். முதல் முறை பாடியதே தட்டில் இடம் பெற்றது. இரண்டாம் முறை பாட முயன்றபோது குரல் போய்விட்டது.

வானொலிக்கும் இதில் பங்குண்டு. வானொலியில் பேசும் நான் இதைச் சொல்லாமல் விடலாமா? அந்நாளில் பி.பி.சி. நிலையத்தார் நாளொன்றுக்கு இவ்வளவு நேரமே இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்று இசைவாணர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் உடன்படிக்கை செய்திருந்தனர். தட்டுச் சுழலாத நேரத்தை எவ்வாறு நிரப்புவது? குழுக்களையே நிலையத்துக்கு அழைத்து வாசிக்கச் செய்தனர். 1962 முதல் 1965 வரை பீட்டில்ஸ் குழுவினர் அவ்வாறு 275 முறை, 88 வெவ்வேறு பாடல்களை வானொலிக்கென்று பாடினர். அவற்றுட் பல அவர்கள் இசைத்தட்டில் என்றும் பாடாதவை. தொழிலாளர் உடன்படிக்கை ஒன்று, எதிர்பாராத வகையில், ஒரு குழுவுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது.

இன்னொன்றும் கூறவேண்டும். இன்று நாம் ஒப்பற்ற முன்னோர் என்று போற்றும் இவர்கள் தம் நாளில் பிறரைப் பின்பற்றியவர்களே. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற நீக்ரோப் பாடகரின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. 1964-இல் அவர்கள் சிகாகோ நகருக்குச் சென்று, அப்பெரியோர் பதிவு செய்த அதே செஸ் கூடத்தில் தாமும் பாடிப் பதிந்தனர். லெட் செப்பெலின் குழு கடன் வாங்கியதைச் சில வேளை சொல்லாமலும் விட்டது. வில்லி டிக்ஸன் என்பார் 1985-இல் வழக்குத் தொடுத்த பின்பே ஒரு புகழ்பெற்ற பாட்டில் அவர் பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. சிகாகோப் பாடகர்களுக்கு இவ்வெள்ளை இளைஞர்கள் ஈடாவார்களா என்று 1963-இல் கேட்டிருந்தால், ஆகார் என்பதே நேர்மையான விடை. அவர்களும் ஈடாகவில்லை, ஈடாக முயன்று, வழி தவறி, வேறோர் இடத்திற்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வேறிடத்தையே நாம் இன்று உச்சி என்கிறோம்.

இந்நாளிலும் அவ்வாறு முயல்வோர் உளர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தோன்றிய கிரெட்டா வான் ஃபிளீட் குழுவினர் 2019-இல் சிறந்த ராக் இசைத்தட்டுக்கான கிராமி விருது பெற்றனர். அவர்கள் பாடகரின் குரலைக் கேட்டால் லெட் செப்பெலினின் ராபர்ட் பிளான்ட் மீண்டும் இளைஞராகிவிட்டாரோ என்று மயக்கம் உண்டாகும். திறமையில் குறைவில்லை. ஆயினும் என் மனம் அவர்களிடம் நிறைவு பெறவில்லை. ஓவியத்தின் படியை எவ்வளவு நன்றாக எழுதினாலும் கண் மூலத்தையே தேடுகிறது. எனக்குப் பிடித்தவர்கள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஆர்க்டிக் மங்கீஸ் குழுவினர். சிறு மதுவிடுதிகளில் வாசித்து, பாடல் பதித்த குறுந்தட்டுகளை வந்தவர்க்கு இலவசமாகத் தந்தனர். கேட்டவர்கள் இணையத்தில் பரப்பினர். 2006 ஜனவரியில் வெளிவந்த அவர்களது முதல் தட்டு ஒரே வாரத்தில் 3,63,000 படிகளுக்கு மேல் விற்றது. தம் ஊர்ப் பேச்சில் தம் ஊர் இரவுகளைப் பாடிய அப்பாடல்கள் 1963-இல் லிவர்ப்பூல் இளைஞர் பாடியவற்றுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தன அல்ல. இஃது என் துணிபு. உங்கள் காது வேறு சொன்னால் அதையே நம்புங்கள்.

திரும்ப வராதது ஒன்று உண்டு. 1964-இல் ஒரு வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியே இருந்தது. பாட்டனும் பேரனும் ஒரே பாட்டைக் கேட்டனர், ஒருவர் இரசித்தும் மற்றவர் சினந்தும். இன்று ஒவ்வொருவர் செவியிலும் ஒவ்வொரு பாட்டு. எத்துணைச் சிறந்த குழு தோன்றினும் ஊரெல்லாம் ஒருசேர அதைக் கேட்கும் நாள் இனி அரிது. இது குழுக்களின் குற்றம் அன்று.

ஆனால் சிறு மேடைகள் மறைவது அவ்வாறு காலத்தின் மேல் பழி போட்டு விட்டுவிடக்கூடியது அன்று. இங்கிலாந்தில் 2023 ஒரே ஆண்டில் 125 சிறு இசையரங்குகளில் நிகழ்ச்சிகள் நின்றன. வாடகையும் மின்கட்டணமும் தாங்கவில்லை. புகழ்பெற்ற கேவர்ன் அரங்கே 1973-இல் நிலத்தடி இரயில் பணிக்காக மூடப்பட்டு, பின்னர் மண்ணிட்டு நிரப்பப்பட்டது. அதன் மதிப்பை உணர்ந்து, பழைய செங்கற்கள் சிலவற்றைக் கொண்டு 1984-இல் மீண்டும் கட்டினார்கள். இன்று பயணிகள் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மாணவனுக்கு நான் விடை சொல்வதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். விடை இதுதான்: ஹாம்பர்க்கில் மட்டும் 1,100 மணி. நான் அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கொடுத்தேன். கணக்கு ஆசிரியர் ஒருவரிடம் காட்டியபோது, அந்த விகிதத்தில் அவர்கள் பீட்டில்ஸ் குழுவை எட்டிப் பிடிக்க 13,200 ஆண்டுகள் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அத்தாள் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது.