பசையா, மரமா? விமானங்கள் வழியே ஒட்டு மூட்டுகளின் வரலாறு

முன்னுரை

மரமூட்டு விட்டுப்போனால் பழி முதலில் பசையின் மேல் விழுகிறது. அடுத்து மழையின் மேல். இருபதாம் நூற்றாண்டின் மர விமானங்கள் இதை உயிர்ப் பிரச்சினையாக்கின. ஈரம் தாங்கும் பசை வந்த பின்னரும், மரத்தின் அசைவும் பட்டறையின் கவனமுமே மூட்டின் ஆயுளைத் தீர்மானித்தன என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

புரதப் பசைகள்

தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரம், உலர்ந்த இடத்தில் பல தலைமுறை நிற்கும். ஈரம் ஊறினால் இளகிவிடும். பாலிலிருந்து எடுக்கும் கேசீனைச் சுண்ணாம்புடன் குழைத்த பசை அதைவிட ஈரம் தாங்கும். முதல் உலகப் போர்க்கால விமானங்களில் அது பரவலாகப் பயன்பட்டது. ஆனால் நீடித்த ஈரத்தில் கேசீனும் வலுவிழக்கும். பூஞ்சையும் அதை அரிக்கும். 1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்சாஸில் ஃபாக்கர் எஃப்-10 விமானத்தின் மர இறக்கை வானிலேயே முறிந்து, கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட 8 பேர் இறந்தனர். இறக்கைக்குள் கசிந்த ஈரம் ஒட்டுகளைத் தளர்த்தியதே காரணம் எனக் கருதப்பட்டது.

மாஸ்கிட்டோ விவாதம்

1937 வாக்கில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் ‘ஏரோலைட்’ என்னும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையை உருவாக்கினார். 1940இல் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ விமானம் கேசீனில் தொடங்கிப் பின்னர் ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறியது.

1944 இறுதியில் கீழைப் போர்முனையில் சில மாஸ்கிட்டோக்கள் விழுந்தன. மேற்பரப்புப் பலகை இறக்கையின் முதன்மைச் சட்டத்திலிருந்து பிரிந்ததாகத் தெரிந்தது. இந்தியா வந்து ஆராய்ந்த குழு, பசை கெடவில்லை, பருவமழைக்காலத்தில் மரக்கூடு சுருங்கியதே காரணம் என்றது. பிந்தைய விசாரணையோ, மழையே காணாத விமானங்களிலும் அதே குறைகளைக் கண்டு, ஒட்டுவேலையின் தரம் போதாது என முடிவுகட்டியது. இறுதியில், ஈரம் புகாதபடி இறக்கை மூட்டின் நீளம் முழுவதும் ஒட்டுப்பலகைப் பட்டை பதிக்கப்பட்டது.

மரத்தின் அசைவு

அறை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 6 விழுக்காட்டில் நிற்கும். 90 விழுக்காடானால் 20 அளவுக்கு ஏறும். அதற்கேற்ப மரம் குறுக்குவாக்கில் புடைத்துச் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகச் சொற்பம்.

நாற்காலிக் காலின் துளையில் இறங்கிய கழுந்தில் இதைக் காணலாம். மழைக்காலத்தில் கழுந்தின் அகலம் விரியப் பார்க்கும். காலோ நீளவாக்கில் நகராது. இடமின்றிக் கழுந்தின் நார்கள் நசுங்கும். கோடையில் அது பழைய அளவைவிடச் சிறுத்துப்போக, மூட்டு ஆடும். மழையில் நேர்ந்த சேதம் வறட்சியில்தான் வெளிப்படுகிறது. 1940களில் வந்த ரிசார்சினால் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் எந்தப் பசையாலும் மரத்தின் இந்த அசைவை நிறுத்த முடியாது. ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைவதால் அசைவு கட்டுப்படுகிறது.

முடிவுரை

புரதத்திலிருந்து செயற்கைப் பிசினுக்கு வந்த மாற்றம், நீரால் பசை கரையும் குறையைப் பெரிதும் தீர்த்தது. ஆனால் பயன்படும் இடத்தின் ஈரத்துக்கேற்ப மரத்தைப் பதப்படுத்துவது, முகங்களை இடைவெளியின்றிப் பொருத்துவது, பசை இறுகும்வரை போதிய அழுத்தம் தருவது ஆகிய மூன்றும் தச்சரின் பொறுப்பாகவே தொடர்கின்றன. காலநிலையைக் குற்றம்சாட்டும் எந்த ஆய்வும் இம்மூன்றையும் சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.