கியூ 66.0: ஒரு குட்டிப் பாதத்தின் கணக்கு

நண்பன் ஒருவன் மெடிக்கல் கோடிங் வகுப்புக்குப் போகிறான். அவனுடைய தலையணை சைஸ் புத்தகத்தைச் சும்மா புரட்டியபோது கண்ணில் பட்டதுதான் இந்த "கியூ 66.0". பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலே தூக்கி நிற்கும் குறைக்கான குறியீடு அது. கிளப் ஃபுட் என்பார்கள், தமிழில் வளைபாதம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. நம் ஊரில் கிரகணத்தின் மேல் பழியைப் போட்டு, பெற்றவளையும் நாலு வார்த்தை பேசுவார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. இதுவும் ஒரு பேரேட்டுக் கதைதான் :-)

முதலில் குறியீட்டைப் பார்ப்போம். 1893-ல் ஜாக் பெர்டியோன் என்ற பிரெஞ்சு புள்ளியியலாளர் ஒரு பட்டியல் தயாரித்தார். யார் எதனால் இறந்தார்கள் என்று எண்ணுவதற்கான பட்டியல் அது. வளைபாதம் ஆளைக் கொல்வதில்லை, நடையைத்தான் கெடுக்கும். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று ஆறாவது பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான், உயிரை எடுக்காத நோய்களையும் முறையாக எண்ணத் தொடங்கினார்கள்.

வைத்தியமோ அதைவிட ரொம்பப் பழசு. சுமார் 2400 வருடங்களுக்கு முன்பே, பிறந்த உடனே கையால் மெல்லத் திருத்திக் கட்டுப்போடச் சொன்னது ஹிப்போகிராட்டஸ் மரபு. 1836-ல் ஜெர்மன் மருத்துவர் ஸ்ட்ரோமையர், லிட்டில் என்ற ஆங்கில மருத்துவரின் குதிகால் நரம்பை (நிஜத்தில் அது தசைநாண்) தோலுக்கு அடியில் வெட்டி, அவருடைய காலையே சரிசெய்தார். பிறகு மயக்க மருந்தும் ஆபரேஷன் வசதியும் வளர வளர, பாதத்தைத் திறந்து மூட்டுகளை விடுவிக்கும் பெரிய ஆபரேஷன்கள் பெருகின.

இங்கேதான் இக்னாசியோ பொன்செட்டி வருகிறார். 1914-ல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகன். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் நாட்டைவிட்டு ஓடி, 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். முன்பு ஆபரேஷன் செய்யப்பட்டவர்களைத் தேடிப் பரிசோதித்தார். பாதங்கள் விறைத்து, வலியோடு இருந்தன.

அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் கொஞ்சம் திருப்பி மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் மூன்று வாரம் கட்டு. பிறகு கம்பியால் இணைத்த ஒரு ஜோடி ஷூ. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் நாலு வயது வரை தூங்கும்போது மட்டும்.

1963-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பெரும்பாலான டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அயோவாவில் பழைய கேஸ்களின் பதிவுகள் பத்திரமாக இருந்தன. 30 வருடங்களுக்கு மேல் கழித்து அவர்களில் 45 பேரைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். 1995-ல் வந்த முடிவு: 78 சதவீதம் பேருக்குப் பாதம் நன்றாக அல்லது மிக நன்றாக இருந்தது. பிறவிக் குறையே இல்லாதவர்களில் அந்த அளவு 85 சதவீதம்! அதன் பிறகுதான் பெற்றோர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லி, ஆபரேஷன் வேண்டாம் என்று அயோவாவுக்குக் கிளம்பினார்கள். 80 வயதைத் தாண்டியும் அவர் வைத்தியம் பார்த்தார். 2009-ல் 95 வயதில் மறைந்தார்.

கவனியுங்கள், அவரை ஜெயிக்க வைத்தது 30 வருடக் கணக்கு. எழுதி வைக்காமல் விட்டிருந்தால் நிரூபித்திருக்கவே முடியாது. அதனால்தான் குறியீடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் 2015 வரை இதற்கு 754.51, அதன்பின் கியூ 66.0. இரண்டிலும் வலது காலா இடது காலா என்றே கிடையாது! இரண்டு பாதத்துக்கும் ஒரே கணக்கு. 2019 அக்டோபரில்தான் வலதுக்கு 66.01, இடதுக்கு 66.02 என்று பிரித்தார்கள். மாவுக்கட்டுக்குத் தனியாக 29450 என்ற எண் உண்டு. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க பில்களுக்கு கோடிங் செய்பவர்கள் தினமும் தட்டும் எண்களுக்குப் பின்னால் இப்படி ஒரு குட்டிப் பாதமும் இருக்கலாம்.

ஆனால் எந்த எண்ணிலும் ஏறாத ஒரு வேலை இருக்கிறது. அழுகிற குழந்தைக்கு ராத்திரி ராத்திரி அந்த ஷூவை மாட்டிவிடும் வேலை. கால் நேராகிவிட்டதே என்று அதை நிறுத்துவதுதான், பாதம் மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பரிசோதிக்கும் குறைகளில் வளைபாதமும் உண்டு, சிகிச்சை இலவசம். உங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தை பிறந்தால், "வளர வளர சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். முதல் சில வாரங்களிலேயே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். கிரகணத்தைப் பற்றிப் பேசுபவர்களிடம் பொன்செட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்.