வீட்டு இலக்கம்

போர்க்காலத்தில் கொழும்பில் வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பொலிஸ் பதிவு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து மாமா வந்து இரண்டு நாள் தங்கினாலும் அவர் பெயர் அந்தத் தாளில் ஏற வேண்டும். அந்தப் பயம் இன்னும் போகவில்லையோ என்னவோ, பிக்கரிங்கில் வீட்டுக்கு இன்ரநெற் எடுத்தபோது ரவுட்டர் எனக்குப் பிடித்துப்போனது. உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஒரு இலக்கம்.

ஆனால் அது எங்களை மறைப்பதற்காக வந்த ஏற்பாடு அல்ல. 1981இல் வரையறுத்த ஐபி நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட்தான். எல்லாமாக ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அது போதாது என்று தெரிந்ததும், 1994இல் ஏகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் முகவரி மாற்றத்தைக் குறுகிய காலத் தீர்வு என்று சொல்லியே முன்வைத்தார்கள். நோக்கம் முகவரியை மிச்சம் பிடிப்பது. மறைப்பு கூடவே வந்த லாபம்.

1998இல் ஆறாம் பதிப்பின் வரையறை வந்தது. 128 பிட், பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. வில்லங்கமும் அங்கேதான். தொடக்கத்தில் அந்த முகவரியின் பின்பாதியை, தொழிற்சாலையில் வலை அட்டைக்குக் கொடுத்த இலக்கத்திலிருந்தே ஆக்கினார்கள். மடிக்கணினியைப் பிக்கரிங்கிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோனாலும் அதே பின்பாதி கூட வரும். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற மாதிரி! 2001இல் நார்ட்டன், டிரேவ்ஸ் இருவரும் இதற்கு மாற்று எழுதினார்கள்: பின்பாதி எழுந்தமானமாக அமையும், அடிக்கடி மாறும். இன்று பெரும்பாலான கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அப்படித்தான் செய்கின்றன.

ஆனாலும் முன்பாதி வீட்டைக் காட்டிக்கொடுக்கும். பழைய முறையிலும் இதே கதைதான். அந்த ஒற்றை இலக்கம் யாருடையது என்று இணைப்புத் தந்த கொம்பனிக்குத் தெரியும். ரவுட்டர் மறைத்தது வீட்டுக்குள் இருந்தவர்களை மட்டுமே, வீட்டை அல்ல.

வீட்டைக் காப்பது சட்டம். ஐபி இலக்கத்துக்குரியவரின் பெயரைக் கொம்பனியிடம் பொலிஸ் சும்மா கேட்டு வாங்க முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2014இல் ஸ்பென்சர் வழக்கில் சொன்னது. 2024 மார்ச் 1இல் பைக்கோவெட்ஸ் வழக்கில் ஒரு படி மேலே போய், அந்த வெறும் இலக்கத்துக்கே அந்தரங்க உரிமை உண்டு, அதைப் பெறவும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நால்வர் எதிர்ப்பு.

ஒரு வாக்குத்தான் வித்தியாசம். கொழும்பில் அந்தத் தாளை நிரப்பிய எனக்கு அந்த ஒரு வாக்கின் பெறுமதி தெரியும்.